சந்தனம் பட்ட இரும்பு

நோர்பரி, லண்டன்
18.06.2023

அன்பின் அத்தானுக்கு,

சிவனேஸ் எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மிச்ச உடம்பு முழுக்கச் சுகம். உங்கள் சுகமும் யோகராஜா அண்ணையின் சுகமும் அறியாமல் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அண்ணையின் வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? பேச்சு வந்ததா?

கடித உறையைக் கண்டதும் இவளுக்கு என்ன விசரா என்று நினைப்பீர்கள். யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் அண்ணையைப் பாரிசவாதம் விழுத்தியதென்று நீங்கள் யாழ்ப்பாணம், கோண்டாவிலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. போனில் பேசிய ஒவ்வொரு நாளும் சண்டையில்தான் முடிந்திருக்கிறது. "எப்ப வாறியள்?" என்று நான் கேட்பேன். "அண்ணைக்குச் சாப்பாடு குடுக்கோணும், வைக்கிறன்" என்பீர்கள். அதற்குப் பிறகு இருவரும் சொல்லிக்கொள்வது சாமிக்குக் கேட்கக் கூடாத கதை. கடிதத்தில் என்றால் குறுக்கே பேச முடியாது. என் முறை முடியும்வரை நீங்கள் வாயை மூடிக்கொண்டு வாசித்தே ஆகவேண்டும். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கிடைக்காத பாக்கியம் இது. ஆகவே அவசரமென்றால் மட்டும் போன், மற்றதெல்லாம் கடிதம். சம்மதமா?

இங்கே பெரிதாகப் புதினம் இல்லை. பள்ளிக்கூடக் குசினியில் வழக்கமான வேலை. பிள்ளைகள் அவித்த கரட்டை வழக்கம்போல எறிகிறார்கள். நான் வழக்கம்போல மனதுக்குள் திட்டுகிறேன்.

உங்கள் எட்டுப் பிஸ்டல்களும் முன்னறைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. சாவியைத் தேயிலைப் பேணிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் திறக்கப் போவதில்லை. குழல் அடைத்து, சுட முடியாமல் பண்ணி, பத்திரமும் கொடுத்த பழைய ஜெர்மன் சாமான் என்று நீங்கள் ஆயிரம் தரம் சொல்லியாயிற்று. எனக்குத் துவக்கு துவக்குத்தான். "பிள்ளையள் இல்லாத வீடெண்டாலும் அலுமாரியில துவக்கு வைப்பினமோ?" என்று கோயிலில் ஒருத்தி என் காதுபடச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆறு கிழமை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தக் கணக்குப்படி இந்த மாதக் கடைசியில் நீங்கள் இங்கே நிற்க வேண்டும்.

வாசல் மணிக்குக் காதைக் கொடுத்தபடி,
சிவனேஸ்


கோண்டாவில்
09.07.2023

அன்புள்ள சிவனேசுக்கு,

உமது கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. யோசனை நல்லது, சம்மதம். நான் சுகம். அண்ணைக்குக் கை அசையவில்லை. பேச்சில் பாதிதான் விளங்குகிறது, மிச்சத்தைக் கண்ணால் சொல்கிறார். கல்யாணம் கட்டாத மனிதர். உடுப்பு மாற்ற என்னை விட்டால் ஆள் இல்லை. உமது முழங்காலுக்குச் சூடு பிடித்துவிட்டுப் படுக்கவும்.

இனி அதுகளைப் பற்றி. மழைக்காலம் தொடங்க முதல் அலுமாரிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பைகளை மாற்ற வேண்டும். புதிய பைகள் மாடிப்படிக்குக் கீழே சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கின்றன. திறந்தால் வெறுங்கையால் ஒன்றையும் தொடவேண்டாம். மனித வியர்வையில் உப்பு இருக்கிறது. ஒரு விரல் பட்டால், ஒரு கிழமையில் அந்த விரலின் ரேகை துருப்பிடித்துக் கறளாக எழும்பி நிற்கும். இரும்பின் மேலே இருக்கும் கருநீலம் நூறு வருடத்துக்கு முன் போட்டது. அது போனால் திரும்பி வராது. வேறு பூச்சுப் போடலாம். அந்த நீலம் வராது.

பருத்திக் கையுறை மேல் தட்டில் இருக்கிறது. மெல்லிய துணியில் ஒரு சொட்டு மெஷின் ஒயில் விட்டு, துணி நனைந்ததோ என்று சந்தேகப்படும் அளவுக்குத் துடைத்தால் போதும். தண்ணீர் கிட்டவும் போகக்கூடாது. குசினியில் இருக்கும் எண்ணெய்களும் அப்படித்தான். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

எட்டுப் பிஸ்டலில் மவுசருக்கு மரப்பிடி, அதில் ஒயில் படக்கூடாது. ஓர்ட்கீஸின் பிடியில் பித்தளை முத்திரை இருக்கிறது. அதைத் தேய்க்கக் கூடாது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வோல்தரின் பின்பக்கத்தில் ஒரு சிறு பூட்டு உண்டு. அதை அழுத்தினால் சுருள்கம்பி பாய்ந்து வெளியே வரும். தேடிப் பிடிக்க முடியாது.

இவ்வளவும் நீர் செய்வீர் என்று எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

அண்ணையை இப்படியே விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. நல்லூர்த் திருவிழா முடிய வரலாம் என்று நினைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடவும்.
பரமேஸ்வரன்


நோர்பரி
30.07.2023

அன்பின் அத்தானுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் அண்ணையும் நலமாக இருக்க அம்மன் துணை.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அண்ணைக்கு நாலைந்து வரி, என் முழங்காலுக்கு ஒரு வரி, மிச்சம் முழுக்கத் துவக்குகளுக்கு. ஓர்ட்கீஸின் பித்தளை முத்திரையைத் தேய்க்கக் கூடாது என்று எழுதிய மனிதருக்கு, மனைவி தனியே எப்படி இருக்கிறாள் என்று ஒரு கேள்வி வரவில்லை. எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

இங்கே ஆடி முழுக்க மழை. சிலிக்கா ஜெல் பைகளை மாற்றினேன். கதவைத் திறந்து, பைகளைத் தள்ளி வைத்து, மூடினேன். ஒன்றையும் தொடவில்லை. அவற்றின் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி மேசையில் பேப்பரை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டுவீர்களே. கடைசியில் மேல்மூடியை இழுத்து விடும்போது கிளிக் என்று ஒரு சத்தம் வரும். "சோறு போடுற மேசையில இதென்ன?" என்று ஒவ்வொரு முறையும் நான் கத்துவேன். இப்போது மேசை சுத்தமாக இருக்கிறது. அந்தச் சத்தம் இல்லாமல் ஞாயிறு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இரண்டு பேருக்கு அவித்துப் பழகிய கை, புட்டு மிஞ்சுகிறது. அடுத்த நாளும் அதையே தின்கிறேன்.

எனக்கு நீங்கள் வேண்டும். வேறு சுற்றி வளைக்கத் தெரியவில்லை. திருவிழா முடிய என்றால் செப்டெம்பர் நடுப்பகுதி. பயணச்சீட்டுப் பதிந்துவிட்டு நாளை எழுதுங்கள்.

மிஞ்சிய புட்டோடு,
சிவனேஸ்


கோண்டாவில்
27.08.2023

அன்புள்ள சிவனேசுக்கு,

நலம். நல்லூரில் கொடியேறிவிட்டது. அண்ணையைக் கூட்டிக்கொண்டு போக முடியாததால் வானொலியில் பூசை கேட்கிறோம்.

கோபிக்க வேண்டாம். எனக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே விடிந்தால் அண்ணையின் மருந்து, பொழுதுபட்டால் அண்ணையின் கஞ்சி. அதை எழுதினால் உமக்கும் துக்கம். மவுசரைப் பற்றியும் வோல்தரைப் பற்றியும் எழுதும்போது நான் நோர்பரிக் குசினி மேசையில் இருக்கிறேன். நீர் பின்னால் நின்று கத்துகிறீர். அதற்காகத்தான் அவ்வளவு நீளம் எழுதினேன்.

இவ்வளவு காலமும் உமக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். எண்பத்தேழில் ஒருநாள் சந்தியில் என்னை மறித்து ஒருவன் நெற்றிக்கு நேரே பிஸ்டல் பிடித்தான். பிறகு, தேடி வந்த ஆள் நான் இல்லை என்று கண்டு போகச் சொல்லிவிட்டான். அவன் முகம் நினைவில் இல்லை. கையில் இருந்தது நினைவிருக்கிறது. மிகவும் சின்னது. லண்டனுக்கு வந்த பிறகும் அது கனவில் வந்துகொண்டே இருந்தது. இருபது வருடத்துக்கு முன், பழைய சாமான் சந்தை ஒன்றில் அதே உருவத்தில் ஒன்றைக் கண்ணாடிக்குள் கண்டேன். வாங்கி வந்து கழற்றினேன். சுருள்கம்பி, ஆணி, தகடு. நான் திருத்துகிற போட்டோகொப்பி மெஷினுக்குள் இருப்பதில் கால்வாசியும் இல்லை. இதற்கா இவ்வளவு காலம் பயந்தேன் என்று இருந்தது. அன்றைக்கு நன்றாக நித்திரை வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வாங்கினேன், கழற்றினேன், பூட்டினேன்.

மழை என்று எழுதியிருந்தீர். ஒரு தரமாவது துடைக்க வேண்டும். நீர் தொட வேண்டாம். டூட்டிங்கில் இருக்கும் மேர்வினைக் கூப்பிடும். அவரிடமும் இப்படி நாலைந்து இருக்கின்றன, பக்குவம் தெரிந்தவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
பரமேஸ்வரன்


நோர்பரி
24.09.2023

அன்பின் அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தான் மட்டுக்கட்டுகிறேன். வரி கீழே சரிந்துகொண்டு போகிறது. சாப்பிடுகிறீர்களா?

அந்தச் சந்திக் கதையை வாசித்துவிட்டு அலுமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியாமல் அத்தனை வருடம் கனவு கண்டிருக்கிறீர்கள். இதை ஒரு கடிதத்தில் சொல்வதற்கு நீங்கள் ஐயாயிரம் மைல் போகவேண்டி இருந்திருக்கிறது.

மேர்வின் போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே வந்தார். மன்னார் ஆள், அந்த ஊர்ப் பழக்கத்தில் கையில் ஒரு பார்சல் பனங்கட்டியோடு. எட்டையும் வெளியே எடுத்து வைத்துத் துடைத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். நீங்கள் அழுத்த வேண்டாம் என்று எழுதிய அந்தச் சின்ன வோல்தரின் பூட்டைப் பக்குவம் தெரிந்தவர் அழுத்திவிட்டார். சுருள்கம்பி பறந்து பிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது. அவர் வயிற்றோடும் நான் முழங்காலோடும் நிலத்தில் தவழ்ந்து கண்டுபிடித்தோம். உங்களிடம் சொல்லவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டார். சொல்லமாட்டேன் என்று சொன்னேன்.

நல்லூர் முடிந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் வருகிற நாளைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அந்த ஆத்திரத்தில் மேர்வினிடம் கேட்டேன், இவற்றை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று. இவை பழைய சட்டப்படி அடைத்தவையாம். வைத்திருக்கலாம், கை மாற்றுவதென்றால் புதுச் சட்டப்படி மறுபடி அடைக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிடுவார்களாம், மேல்மூடி அசையாது, விசை அசையாது. "அதுக்குப் பிறகு இது வெறும் இரும்புக்கட்டி அக்கா" என்றார். பிடிக்காத சாமான்தானே, எனக்கென்ன வந்தது என்று இருக்க வேண்டும். இருக்க முடியவில்லை.

தீபாவளிக்காவது வருவீர்களா?

கேட்டுக் கேட்டு வாய் வலித்த,
சிவனேஸ்


நோர்பரி
29.10.2023

அன்பின் அத்தானுக்கு,

உங்களிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன், இன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறேன்.

பள்ளிக்கூட விடுமுறையும் சரஸ்வதி பூசையும் ஒன்றாக வந்தன. அவலும் கடலையும் செய்து, வழக்கம்போலத் தையல் மெஷின், கத்திரிக்கோல், அரிவாள், உங்கள் கருவிப் பெட்டி எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைத்தேன். அப்போதுதான் கண் அலுமாரிப் பக்கம் போனது. ஆயுத பூசை நாளில் உண்மையான ஆயுதம் அலுமாரிக்குள் பார்த்துக்கொண்டிருக்க, நான் காய்கறி வெட்டுகிற கத்திக்குப் பொட்டு வைக்கிறேனே என்று சிரிப்பு வந்தது.

முழுகிவிட்டு வந்து திறந்தேன். கையுறை போடவில்லை. சாமி காரியத்துக்கு எப்படி அதைப் போடுவது? ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் எடுத்து வெள்ளைத் துணியில் அடுக்கினேன். இருபது வருடத்தில் முதல் தடவை. பாரம் என்று நினைத்தேன், அவ்வளவு இல்லை. சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, தீர்த்தம் தெளித்து, பூவும் வைத்தேன். மவுசர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நீங்கள் ஆசையாகத் தொடுகிற சாமான்கள் இவைதானே. இவற்றின் மேல் கையை வைத்து, இவரைக் கொண்டுவந்து சேர் தாயே என்று கும்பிட்டேன். அழுதேன், அதையும் எழுதுகிறேன்.

விஜயதசமி முடிந்து, பொட்டோடேயே திருப்பி உள்ளே வைத்துவிட்டேன். பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரவேண்டும். இப்போது அந்தப் பக்கம் போகும்போது நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அலுமாரி நிறையப் பொட்டு வைத்த முகங்கள்.

பிரசாதம் அனுப்ப வழியில்லை. மனதால் எடுத்துக்கொள்ளுங்கள்.
சிவனேஸ்


நோர்பரி
10.12.2023

அத்தான்,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று மேர்வின் வந்தார். அலுமாரியைத் திறந்தவர் குனிந்து கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு, "அக்கா, இது எப்ப வச்சது?" என்று கேட்டார். சொன்னேன். ஒயில் துணியால் மெதுவாகத் துடைத்தார். சந்தனம் உதிர்ந்து வந்தது. கீழே செம்மண் நிறத்தில் ஒரு வட்டம். எட்டிலும் அப்படித்தான். நான் பிடித்த இடங்களில் விரல் அடையாளமும் இருந்தது. அது துடைக்கத் துடைக்கப் போய்விட்டது. வட்டம் போகவில்லை. மேலே இருந்த நீலத்தைத் தின்று உள்ளே இறங்கிவிட்டதாம். தண்ணீர் கிட்டவும் போகக்கூடாது என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் மறக்கவில்லை. தீர்த்தமும் தண்ணீர்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேய்த்து மினுக்கிப் புதுப்பூச்சுப் போட்டால் வட்டம் மறையும், பழைய நீலம் முழுவதும் போய்விடும் என்று மேர்வின் சொல்கிறார். உங்களைக் கேட்காமல் செய்யமாட்டாராம். அவர் போன பிறகு நான் நிலத்தில் இருந்து அழுதேன். உங்களுக்கென்று இந்த நாட்டில் இருந்த ஒரே ஆசையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். வைத்த புதிதில் யாராவது சொல்லித் துடைத்திருந்தால் பாதியாவது தப்பியிருக்குமாம். என் கடிதம் கார்த்திகையில் உங்கள் கையில் கிடைத்திருக்க வேண்டும். அவசரமென்றால் போன் என்றுதானே பேசிக்கொண்டோம். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாக இரண்டு தரம் போனில் கூப்பிட்டபோதும் அண்ணையைக் குளிக்க வார்க்கிறேன் என்று வைத்துவிட்டீர்கள். தீபாவளி வந்தது, போனது. துவக்குக்காக என்னோடு பேசாமல் இருக்கிறீர்களா? அல்லது என்னோடு பேசுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று இருக்கிறீர்களா? எதுவென்றாலும் எழுதிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் கொல்லுகிறது.

சிவனேஸ்


கோண்டாவில்
07.01.2024

அன்புள்ள சிவனேசுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்.

ஐப்பசியில் நீர் எழுதிய கடிதம் கார்த்திகை நடுவில் கிடைத்தது. அண்ணையின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். பொட்டு வைத்த இடத்துக்கு வந்ததும் போனைக் கையில் எடுத்துவிட்டேன். சந்தனத்தில் ஈரம், குங்குமத்தில் சுண்ணாம்பு, மேலே தீர்த்தம். உடனே துடைத்தால் கொஞ்சமாவது தப்பும் என்று எனக்குத் தெரியும். உமது இலக்கத்தை அழுத்தினேன். மணி அடிக்க முதல் நிறுத்திவிட்டேன்.

மேர்வினுக்கு இது விளங்காது. இருபது வருடமாக அந்த அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவர் நீர். நான் வரவேண்டும் என்பதற்காக, உமக்குப் பிடிக்காத அதுகளை வெறுங்கையால் தூக்கி, பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறீர். அதற்கு நான் சொல்லும் முதல் சொல் "துடையும்" என்று இருக்க முடியாது. நீலம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வட்டங்களை ஒருவரும் மினுக்கக் கூடாது. ஒயில் மட்டும் பூசினால் போதும், அதற்குமேல் பரவாது.

பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்பீர். நீர் கேட்டதெல்லாம் எப்போது வருவீர்கள் என்ற ஒரே கேள்வி. அதற்கு ஒரு நாளைக் குறிக்க என்னால் முடியவில்லை. அண்ணை இப்படியே பல வருடம் இருப்பார் என்று டொக்டர் சொல்கிறார். சம்பளத்துக்கு ஒருவரை வைத்துப் பார்த்தேன். அண்ணை வாயைத் திறக்கவில்லை. நான் ஊட்டினால்தான் விழுங்குகிறார். எங்கள் ஐயா செத்த பிறகு தன் படிப்பை விட்டு என்னைப் படிப்பித்தவர் அவர்.

ஆவணியில் இருந்து ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்றை எழுத நினைத்து, எழுதாமல் விட்டேன். எனக்கு அதைக் கேட்க உரிமை இல்லை. தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று ஊர் முழுக்க இடம்பெயர்ந்த அன்றைக்கு நான் லண்டனில் நின்றேன். நீர் தனியே மாமியை, உமது அம்மாவை, கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடந்தீர். கைதடியில் வீதியோரத்தில் மாமியின் சீவன் போனபோது, கொள்ளி வைத்தது முன்பின் தெரியாத ஒரு மனிதர். இனி அந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று லண்டனில் வந்து இறங்கிய அன்றே சொன்னீர். நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

ஆனாலும் கேட்கிறேன். இங்கே வருவீரா?

மாட்டேன் என்றால் அதுவும் பதில்தான். எப்படியாவது ஒரு ஆளைப் பிடித்து வைத்துவிட்டு, பங்குனி முடிவதற்குள் நான் அங்கே வருவேன். அண்ணை சாப்பிடாவிட்டாலும் வருவேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

உமது பரமேஸ்வரன்


கோண்டாவில்
18.02.2024

அன்புள்ள சிவனேசுக்கு,

உமது பதில் இன்னும் வரவில்லை. தபால் பிந்தியிருக்கும்.

முழங்கால் எப்படி? இப்போது அங்கே கடும் குளிராக இருக்கும். மாடிக்குப் போகும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு போகவும். ஹீட்டரைக் கஞ்சத்தனம் பார்த்து நிறுத்தி வைக்க வேண்டாம். இரண்டு பேருக்கு அவித்துவிட்டு, மிஞ்சியதை அடுத்த நாள் தின்பதாக எழுதியிருந்தீர். அதை நினைத்தால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்குவதில்லை.

நான் கேட்டது பிழையென்றால் கேளாததாக விட்டுவிடவும். அண்ணையைக் கவனிக்க ஒரு பெடியனைப் பார்த்து வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை பழக்கிப் பார்க்கப் போகிறேன்.

பரமேஸ்வரன்


நோர்பரி
10.03.2024

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணையும் சுகமாக இருக்க வேண்டும். அந்தப் பெடியனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஏன் பிந்தினேன் என்று சொல்கிறேன். முதல் கிழமை கோபம். ஆவணியில் கேட்க நினைத்ததைத் தையில் கேட்கிறீர்கள். நான் இங்கே கதவைப் பார்த்துக்கொண்டும் நீங்கள் அங்கே வாயை மூடிக்கொண்டும் ஒரு வருடத்தில் பாதியைத் தின்றுவிட்டோம். பிறகு பயம். வாறன் என்று எழுதத் தாளை எடுப்பேன்; கைதடி என்ற சொல் வரும்; வைத்துவிடுவேன். மாட்டேன் என்றும் எழுதிப் பார்த்தேன். நீங்கள் வந்து, இந்தக் குசினி மேசையில் இருந்துகொண்டு, அண்ணை விழுங்கினாரோ என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குக் கிடைப்பது கதிரையில் ஒரு ஆள். அதற்கா நான் அப்படிக் கும்பிட்டேன்?

உங்கள் மாசிக் கடிதம் வந்த பிறகுதான் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிஸ்டல் என்ற பேச்சே இல்லாத உங்கள் முதல் கடிதம் அது. வாசித்ததும், இந்த மனிதர் நன்றாகப் பயந்துபோய்விட்டார் என்று விளங்கியது.

மேர்வின் எட்டையும் தான் பொறுப்பெடுப்பதாகச் சொன்னார். கை மாறினால் ஒட்டத்தானே வேண்டும். ஒட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். தன்னுடையதில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மேல்மூடியை இழுத்தேன், அசையவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிறு மேசையில் பேப்பரை விரித்து, கையுறை போட்டு, மேர்வின் சொல்லச் சொல்ல எட்டையும் நானே துடைத்தேன். வட்டங்களில் கை வைக்கவில்லை. மவுசரின் மூடியை இழுத்து விட்டேன். கிளிக் என்றது. "சோறு போடுற மேசையில இதென்ன?" என்று எனக்கு நானே சொல்லிவிட்டு, மேர்வின் பார்க்கிறாரே என்றும் யோசிக்காமல் அழுதேன். எட்டும் அலுமாரிக்குள்ளேயே இருக்கும். அலுமாரியையும் வீட்டையும் பூட்டிவிட்டு வருகிறேன்.

ஓம், வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு கேட்டுத் தந்துவிட்டார்கள், ஆவணி வரைக்கும். அதற்குப் பிறகு என்ன என்பதை அங்கே வந்து பேசுவோம். சண்டை வந்தால் நேரே வரட்டும், எனக்கு அதற்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அண்ணைக்கு நான் ஊட்டிப் பார்க்கிறேன். பள்ளிக்கூடக் குசினியில் வாயைத் திறக்காத ஆட்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன்.

ஏப்ரல் பதினெட்டாம் திகதி காலை கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். அங்கிருந்து வாடகை வான் பிடித்து ரோட்டால் வருவேன். விமான நிலையத்துக்கு நீங்கள் வரவேண்டாம், அண்ணையை அவ்வளவு நேரம் விடக்கூடாது. வானுக்கு யாழ்ப்பாணம் வர அந்தக் கைதடி வீதியை விட்டால் வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது, கைதடியில் வானை நிறுத்தச் சொல்லி இறங்கப் போகிறேன். அந்த இடம் எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் காட்டுவேன்.

அண்ணையைப் பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அந்த இடத்துக்கு மட்டும் வாருங்கள். கற்பூரம் நான் கொண்டுவருகிறேன். அன்றைக்கு அதில் நான் தனியே நின்றேன் அத்தான். இந்த முறை நீங்களும் நிற்க வேண்டும்.

சிவனேஸ்